சுபிக்குக் கேட்ட முதல் சொற்கள்

ஜூன் 12, திங்கள்

இன்று முதல் இந்த நோட்டை நான் எழுதுகிறேன். இதுவரை என் மனைவி கோமதி எழுதிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டை பேச்சுப் பயிற்சி மையத்தில் நிஷா மேடம் எல்லாப் பெற்றோரிடமும் சொல்லியிருக்கிறார். பிள்ளை எதைக் கேட்டது, எந்தச் சத்தத்துக்குத் திரும்பியது, நீங்கள் என்ன பேசினீர்கள் என்று தினமும் எழுத வேண்டும். கோமதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். 'காக்கா பார்த்தோம். கா கா என்று நானும் கத்தினேன். சிரித்தாள்.' 'முறுக்கு சுட்டேன். மாவில் கை வைத்து அப்பிக்கொண்டாள்.' பக்கம் பக்கமாக இப்படித்தான். சிரித்தது சரி, சொல் எங்கே?

சுபிட்சா எங்கள் ஒரே பெண். நாலரை வயது. பிறவியிலேயே காது கேட்காது. அமைதியான பிள்ளை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் ஒன்று உண்டு. ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் காயில் என்ற வட்டத் துண்டு. அந்தக் காயில் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. மே மாதம் மெஷினை முதல்முதலாகப் போட்டபோது வீறிட்டு அழுதாள். கோமதியும் அழுதாள். நான் மேடத்திடம் அடுத்து என்ன என்று கேட்டேன்.

மேடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சொல்லைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் வேகம் சின்ன வயதில்தான் அதிகம், வருடம் போகப் போகக் குறையும் என்றார். அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னாராம், கோமதி சொல்கிறாள். அது என் காதில் விழுந்த ஞாபகம் இல்லை.

மின்வாரியத்தில் என் மேலதிகாரி ஏ.இ.யிடம் கேட்டு எனக்குக் காலை ஷிப்டாக மாற்றிக்கொண்டேன். இனி சாயங்காலம் வகுப்பு நான் எடுப்பேன். கோமதியிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் அர்த்தம்.

ஜூன் 14, புதன்

பந்து, பால், கதவு, கரண்டி. இந்த நான்கோடு தொடங்கினேன். பொருளைப் பாயில் வரிசையாக வைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பெயர் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது, காதால் பிடிக்க வேண்டும் என்பது மேடம் காட்டித் தந்த முறை.

சரியாகத் தொட்டால் தலையாட்டினேன். மாற்றித் தொட்டால் 'தப்பு' என்று சொல்லி மறுபடி காட்டினேன். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபடியே இருந்தாள். பிள்ளையின் கவனம் அந்தப் பக்கம் போகிறது என்று கதவைச் சாத்தச் சொன்னேன்.

ஜூன் 15, வியாழன்

காற்றில் வேப்பமரம் சாய்ந்து மூன்று தெருவுக்குக் கரண்ட் இல்லை. வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. வகுப்பு போச்சு.

ஜூன் 19, திங்கள்

காயில் அடிக்கடி கழன்று விழுகிறது. இன்று பாயில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூன்று முறை. நான் திரும்ப ஒட்டுவேன், கொஞ்சம் கழித்துப் பார்த்தால் மடியில் கிடக்கும். காந்தம் பலமில்லை என்று நினைக்கிறேன். மெஷின் கம்பெனி இன்ஜினீயர் மையத்துக்கு வரும்போது காட்ட வேண்டும்.

கோமதியிடம் பகலிலும் விழுகிறதா என்று கேட்டேன். பகலில் விழுவதில்லை என்றாள். அவள் கவனித்திருக்க மாட்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

நல்ல செய்தி. என் வண்டிச் சத்தம் சுபிக்கு அடையாளம் தெரிகிறது. தெருமுனையில் திரும்பும்போதே கண்டுபிடித்துவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா சொன்னார்கள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து உள்ளே ஓடுகிறாளாம். நான் வரும்போது கட்டிலுக்கு அடியில் இருப்பாள். ஒளிந்து விளையாடுகிறாள். இத்தனை வண்டி போகும் தெருவில் ஒரு வண்டியைப் பிரித்துக் கேட்பது சாதாரணமில்லை. மேடத்திடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, செவ்வாய்

மையத்தில் இன்று என்னை வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டு மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். சுபி எல்லாவற்றையும் மாற்றி மாற்றித் தொட்டாள். வீட்டில் சரியாகச் செய்த கதவைக்கூட விட்டுவிட்டாள்.

பிறகு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்கள், தப்பு என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள், மாற்றித் தொட்டால் அந்தப் பொருளை வைத்தே நாலு வார்த்தை பேசுங்கள் என்றார். கரண்டியைத் தொட்டால் 'ஓ, கரண்டி வேணுமா, இந்தா கரண்டி' என்று சொல்ல வேண்டுமாம். நான் பந்து என்று சொன்ன பிறகு அவள் கரண்டியைத் தொட்டால் எப்படி அதை ஒத்துக்கொள்வது?

மேடத்துக்கு வயது முப்பது இருக்காது. என் வேலையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். நான் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் ஒரு தப்புக்கு மேல் செய்ய முடியாது. எனக்குத் தொழில் கற்றுத் தந்த போர்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி கீழே நின்று போட்ட சத்தத்தில்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணாச்சி சத்தம் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு அவர் கற்றுக்கொடுத்தது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

இன்ஜினீயர் காயிலைச் சோதித்தார். காந்தத்தில் குறை இல்லை. இதற்கு மேல் பலமாக வைத்தால் தோல் புண்ணாகும் என்கிறார். வேறு எதில் கோளாறு என்று தெரியவில்லை. வயரைச் சட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 20, வியாழன்

கோமதியோடு சண்டை. அவள் பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறாள். ஆட்டுக்குட்டியைக் காட்டுகிறாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக் காட்டுகிறாள். அதெல்லாம் பொழுதுபோக்கு, படிப்பு இல்லை என்றேன். பூக்காரம்மாவைப் பார்த்து சுபி 'பூ' என்று சொன்னாள் என்கிறாள். என் முன்னால் சொல்லச் சொன்னேன். சுபி பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூ, பூ என்று எத்தனை முறை சொல்லிக் காட்டினேன். காயில் மடியில் கிடந்தது.

'நீங்க போங்க அந்தால, அவ சொல்லுவா' என்றாள் கோமதி. நான் வெளியே போய் நின்றேன். அவர்கள் உள்ளே என்ன செய்தார்களோ, எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 29, சனி

இன்று சுபி பேசினாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அவள் மூலையில் பொம்மையை உட்கார வைத்து, அதற்கு முன்னால் கரண்டியையும் மூடியையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தன் வாயை மறைத்தாள், நான் செய்வது போலவே. பிறகு பொம்மையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, 'தப்பு' என்றாள். தெளிவாக. மறுபடியும், 'தப்பு.' ப்பு என்ற எழுத்தில் அழுத்தம் கூட அப்படியே.

நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமதி, கோமதி, பிள்ளை பேசிட்டா என்று கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தாள். சுபி இன்னொரு முறை பொம்மையைத் தட்டிச் சொன்னாள். கோமதி முகத்தில் சிரிப்பே வரவில்லை. திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டாள். பூ விஷயத்தில் நான் நம்பவில்லை என்ற கோபம்.

மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் வாங்க சார் என்றார்.

பொம்மையைத் தட்டியது யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. நான் அவளை அடித்ததில்லை. கவனம் திரும்புவதற்காகத் தலையில் லேசாகத் தொடுவது உண்டு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மேடம் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

'சார், பயந்த நேரத்துல பிள்ளைக்கு எல்லாச் சொல்லும் ஒண்ணு போல மனசுல போய் உக்காராது. பயத்தோட ஒட்டிக்கிட்டு வாற சொல்லு மட்டும் ஆணி அடிச்சாப்ல நிக்கும். பந்து, பால், கதவுன்னு சாதாரணச் சொல்லெல்லாம் வாசலோட நின்னுரும். அவளுக்கு மூளை இல்லாம இல்ல. அவ மூளை இப்ப சொல்லு படிக்கல, எப்ப திட்டு விழும்னு பாத்துக்கிட்டு இருக்கு.'

நான் திட்டுவதில்லை என்று சொன்னேன். கோமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயாவது சொல்லேன் என்றேன். அவள் மேடத்தின் பக்கம் திரும்பி, 'அவுகளுக்குப் பயம் மேடம். பிள்ளைக்குப் பேச்சு வராமப் போயிருமோன்னு பயம். ராத்திரி தூங்குறதில்ல' என்றாள்.

இதை ஏன் மேடத்திடம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் அவளை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஆனால் உண்மை ஒன்று இருக்கிறது. நேற்று ஆபீஸில் பீஸ் கேரியர் என்ற சொல் எனக்கு வரவில்லை. பீஸ் கம்பி கட்டிச் செருகும் கட்டை, பதினாறு வருடமாகத் தினமும் கையால் தொடும் சாமான். அதை, அதை எடுங்க என்று கையைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 12, சனி

பெற்றோர் கூட்டம். மேடத்தின் அண்ணன் மலேசியாவில் வேலை பார்க்கிறாராம். அங்கே பேசும் மலாய் மொழியில் சில சொற்களை எங்களுக்குச் சொல்லித் தந்தார். கதவுக்கு பிந்து, மீனுக்கு இக்கான், நிலாவுக்கு பூலான். எல்லாரும் குழந்தைகள் மாதிரி திருப்பிச் சொன்னோம். சிரிப்பாக இருந்தது.

பிறகு மேடத்தின் முகம் மாறியது. வேகமாகச் சொற்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று என் முன்னால் நின்று மேஜையில் ஓங்கித் தட்டி, 'பாயுங். குடை. சொல்லுங்க' என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காது அடைத்துவிட்டது. மேடம் உடனே சிரித்து, மன்னிச்சுக்குங்க சார், இது சும்மா ஒரு விளையாட்டு என்றார். கடைசியில் எல்லாரையும் ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் நாலைந்து சொன்னார்கள். எனக்குப் பாயுங் மட்டும்தான் வந்தது. மேஜை தட்டிய பிறகு சொல்லித் தந்த எதுவும் என் காதில் விழுந்ததாகவே இல்லை. அதற்கு முன் சிரித்துக்கொண்டே படித்ததும் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் சொல்லிக் கேட்டுத்தான் மேலே அவற்றை எழுதியிருக்கிறேன்.

வளர்ந்த ஆம்பளை நான். விளையாட்டு என்று தெரிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்க நேரமானது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பல் விளக்கும்போது பாயுங். வண்டி துடைக்கும்போது பாயுங். சனியன், போக மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வண்டி பஞ்சர். கடையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதனால் சத்தம் இல்லை. ஜன்னல் பக்கம் வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். கோமதி தலையணை உறையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கே சுபி, எங்கே சுபி என்று தேடுகிறாள். சுபி அவள் முதுகில் ஏறிக்கொண்டு 'இந்தா... இந்தா' என்கிறாள். காயில் தலையில் ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் குதித்துக்கொண்டிருந்தாள். விழவே இல்லை.

அப்போது தெருவில் ஏதோ ஒரு வண்டி திரும்பியது. என் வண்டி மாதிரியே சத்தம். சுபியின் சிரிப்பு நின்றது. அம்மாவின் முதுகிலிருந்து இறங்கினாள். கையைத் தூக்கிக் காயிலைத் தானாகக் கழற்றினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு நடக்கும் இடத்தில், பாயில், சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கோமதி அவளைத் தூக்க வரவில்லை. அவளுக்கு இது பழக்கமாகிவிட்டது போல.

நான் உள்ளே போகவில்லை. பஞ்சர் கடைக்குத் திரும்பிப் போய் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வண்டி ரெடி என்று இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 23, புதன்

வகுப்பு இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோமதியிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. சொன்னேனே என்றாள். எப்போது என்றேன். பகலில் விழுவதில்லை என்று சொன்னேனே என்றாள்.

ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாள். 'அவள் கவனித்திருக்க மாட்டாள்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

புது நோட்டு ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மையத்துக்கு எழுத வேண்டியதை இனி நீ இதில் எழுது, பழையதை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பாயையும் சுருட்டிப் பரணில் போட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இப்போதெல்லாம் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறேன். ரோஸ்லின் அக்கா பெட்ரோல் தீர்ந்துபோச்சா தம்பி என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மறுநாளும் கேட்டார்கள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சுபியின் சொற்கள்: பூ, வா, தா, காக்கா, இந்தா, அம்மா, மே (ஆடு), சூ (சூடு), போச்சு. இதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டது. கோமதிக்குத் தெரிந்தது இன்னும் நிறைய இருக்கும். 'போச்சு' அவளுக்கு ரொம்பப் பிடித்த சொல். காக்கா பறந்தால் போச்சு, பால் தீர்ந்தால் போச்சு, விளக்கை அணைத்தால் போச்சு.

'அப்பா' என்று சொல்கிறாளா என்று கேட்டேன். கோமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வரும் என்றாள். சொன்னாளா இல்லையா என்று மறுபடி கேட்டேன். 'வரும்னு சொல்லுதேன்லா' என்றாள், தலையைத் தூக்காமல்.

அக்டோபர் 3, செவ்வாய்

மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அவளோடு ஒரே அறையில் உட்கார வேண்டும். எதுவும் கேட்கக் கூடாது, சொல்லித் தரக் கூடாது. என் வேலையை நான் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் மெதுவாகப் பேசிக்கொள்ள வேண்டும். அவளாக வந்தால் வரட்டும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

பழைய டேபிள் பேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். 'இது இறக்கை. தூசியப் பாரு. தொடைக்கணும்' என்று என்னோடு நானே பேசினேன். முதலில் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. காயில் தலையில்தான் இருந்தது. நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கழுத்து வலித்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இறக்கையை விரலால் சுற்றினாள். 'சுத்துது' என்றேன், மெதுவாக. அவள் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஒரு திருகாணியை எடுத்து வாயில் போட்டாள்.

ஏய் என்று கத்திவிட்டேன். கம்பத்தில் இருப்பவனைப் பார்த்துக் கத்துவது போல. கையை விட்டுத் திருகாணியை எடுத்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே காயிலைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

கோமதி ஓடி வந்தாள். திருகாணியைக் காட்டினேன். நீங்கள் கத்தியது சரிதான், யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள் என்றாள். சரிதான். ஆனால் கத்தாமல் இருந்திருக்க வேண்டிய நேரத்திலெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டேன். இன்று கத்த வேண்டிய இடத்தில் கத்தியதும் அதே கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 24, செவ்வாய்

மையத்தில் சத்தங்களைப் பிரித்துச் சொல்லும் பயிற்சி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எங்கள் பக்கம் இருட்டு, சுபிக்கு நான் தெரிய மாட்டேன். மேடம் திரைக்குப் பின்னால் மணியை ஆட்டினார். சுபி 'மணி' என்றாள். பூனை மாதிரிக் கத்தினார். 'மியா' என்றாள். பிறகு ஒரு பெரிய டிரம்மைத் தட்டினார்.

சுபி தோளைக் குறுக்கிக்கொண்டு, 'அப்பா' என்றாள்.

நான் வந்துவிட்டேன் என்று நினைக்கிறாளோ என்று பின்னால் நகர்ந்தேன். மேடம் மறுபடி தட்டினார். 'அப்பா.' திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கதவைப் பார்க்கவில்லை, யாரையும் தேடவில்லை. அது அந்தச் சத்தத்தின் பெயர்.

வரும் வழியில் கோமதியிடம், எத்தனை நாளாக என்று கேட்டேன்.

'ஆகஸ்ட்லேர்ந்து' என்றாள். 'குக்கர் விசிலடிச்சா சொல்லுவா. லாரி போனா சொல்லுவா. எதுக்கும் பயந்தான்னா அதான் சொல்லுவா. உங்ககிட்ட எப்படிச் சொல்லச் சொல்லுதீங்க?'

பஸ்ஸில் சுபி அவள் மடியில் தூங்கிவிட்டாள். நான் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லுக்காகக் கிட்டத்தட்ட ஐந்து வருடம் காத்திருந்தேன். ஆண் குரலில் யார் அவளிடம் என்ன பேசியிருக்கிறார்கள்? நான் ஒருவன்தான். அப்பா சொல்லுதேன், அப்பாவப் பாரு, அப்பா கேக்கேன்லா. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லோடு சேர்த்து என் பயத்தையும் சத்தத்தையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். பிள்ளை தப்பாகப் படிக்கவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே படித்திருக்கிறாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

மேடத்திடம் இதை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அழித்துவிட்டு எழுத முடியாது சார், பக்கத்தில் வேறு நினைவுகளைச் சேர்க்கலாம், மெல்ல மெல்லச் சேரும் என்றார். சேர்வதற்குள் அவள் வளர்ந்துவிடுவாளே என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதே பழைய அவசரம். மேடம் சிரிக்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

நான் பிரித்துப் போட்டிருந்த டேபிள் பேன் இன்று காலையில் ஓடியது. சுபி அதன் முன்னால் நின்று ஆ என்று சத்தம் விட்டு விளையாடினாள். நான் திண்பண்டம் வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டேன், விளையாட்டு கெடக்கூடாது என்று.

மத்தியானம் கோமதி அவள் தங்கையைப் பார்க்க வீரவநல்லூர் போனாள். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று போனவளை மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் நானும் சுபியும் மட்டும். நாலு மணிக்கே வானம் கறுத்துவிட்டது. கரண்ட் போனது. எந்த லைன், எந்த டிரான்ஸ்பார்மர் என்று மனசு ஓடியது. இன்றைக்கு எனக்கு லீவு என்று அதை நிறுத்தினேன்.

சுபி கட்டிலில் உட்கார்ந்து மூடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் இடி தூரத்தில். மூடியோடு கை அப்படியே நின்றது. இரண்டாவது இடி வீட்டுக்கு மேலேயே இறங்கியது. ஜன்னல் அதிர்ந்தது. சுபி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, 'அப்பா' என்றாள். கை தலைக்குப் போனது. காயிலைத் தொட்டாள். கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. தொட்டபடியே இருந்தாள்.

இடி என்று சொல்லித் தரலாமா என்று நினைத்தேன். வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன். தூக்கிக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். நான் எழுந்தால் அவளுக்கு இரண்டு இடியாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு இடிக்கும் அவள் அப்பா என்றாள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டது போலவே என் உடம்பு நிமிர்ந்தது. பழக்கம், வேறென்ன.

மழை மெல்லத் தணிந்தது. இடி மேற்கே மலைப் பக்கம் நகர்ந்து, அப்புறம் கேட்கவே இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். சுபி கண்ணைத் திறந்தாள். மேலே பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

'அப்பா போச்சா?' என்றாள்.

இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசி நான் கேட்டது இதுதான் முதல் முறை. அதுவும் கேள்வி. அதுவும் என்னிடம்.

'போச்சும்மா' என்றேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக. 'அப்பா போயிருச்சு.'

தலையாட்டிவிட்டுத் திரும்பவும் மூடிகளை அடுக்கப் போனாள்.